சென்னையில் முதல் மழைக்காலம்: புதிதாகக் குடிவந்தவர்களுக்கும் வண்டி ஓட்டுபவர்களுக்கும்

ஊர் மாறி சென்னைக்கு வந்தவர்கள் பலர் ஜூன், ஜூலையில் குடையைத் தேடுகிறார்கள். செப்டம்பர் வரை பெரிதாக ஒன்றும் நடக்காததைப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் மழையே இல்லை என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். இங்கே பெருமழை கொண்டுவருவது வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் பாதிக்கு மேல் தொடங்கி டிசம்பர் முடிய நீளும். ஆண்டு முழுவதும் பெய்யும் சுமார் 140 செ.மீ. மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். அதுவும் சீராகப் பெய்யாது. பத்து நாள் வெயில் காய்ந்துவிட்டு, ஒரே இரவில் ஒரு மாத மழை இறங்கும்.

கார்த்திகைக்கு மிஞ்சிய மழையும் இல்லை, கர்ணனுக்கு மிஞ்சிய கொடையும் இல்லை என்பார்கள். 2015 டிசம்பர் 1 வெள்ளம், 2016 டிசம்பர் 12 வர்தா புயல், 2023 டிசம்பர் 3, 4 தேதிகளின் மிக்ஜாம் புயல் மழை, 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் எல்லாமே கார்த்திகை மாதத்தில் வந்தவைதாம். தீபாவளிக்கு நல்ல மழை பெய்து ஓய்ந்துவிட்டது, இனி பயமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கீழே சொல்லும் வேலைகளைப் புரட்டாசியிலேயே முடித்துவிடுவது நல்லது. ஐப்பசி பிறந்துவிட்டால் கொத்தனார், எலக்ட்ரீஷியன், பிளம்பர் யாரும் கூப்பிட்டவுடன் கிடைக்க மாட்டார்கள்.

முதல் வேலை: தெருவை விசாரிப்பது

மழைக்கால ஆயத்தம் என்றால் டார்ச், மெழுகுவத்தி, பிஸ்கட் என்று ஆரம்பிப்பார்கள். அவையெல்லாம் பிறகு. உங்கள் தெருவுக்குத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும், எவ்வளவு உயரம் ஏறும், எத்தனை நாளில் வடியும் என்ற மூன்றும் தெரியாமல் செய்கிற எந்த ஆயத்தமும் பாதிக்குத்தான் உதவும். சென்னையில் வெள்ளம் வருகிற தெருக்களுக்கே திரும்பத் திரும்ப வருகிறது. அடுத்த தெரு காய்ந்து கிடக்கும்போது உங்கள் தெருவில் படகு போகலாம்.

இதை வீட்டு உரிமையாளரிடமோ தரகரிடமோ கேட்டுப் பயனில்லை. ‘இங்கே தண்ணீரே நிற்காது’ என்றுதான் இருவரும் சொல்வார்கள். தெருமுனையில் இஸ்திரி போடுபவரைக் கேளுங்கள், மளிகைக் கடைக்காரரைக் கேளுங்கள், ஆட்டோ நிறுத்தத்தில் வயதானவராகப் பார்த்துக் கேளுங்கள். 2015இல் எதுவரை வந்தது, 2023இல் எதுவரை வந்தது என்று ஆண்டைச் சொல்லிக் கேட்க வேண்டும். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ஆண்டைச் சொன்னால் இடுப்பருகே கையை வைத்துக் காட்டுவார்கள்.

கண்ணால் பார்த்தே சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளலாம். காம்பவுண்டுச் சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் மங்கலான கறை, தரையிலிருந்து பெயர்த்து ஆள் உயரத்துக்கு ஏற்றி வைத்த மின் மீட்டர்ப் பெட்டி, வாசற்படியில் பின்னால் சேர்த்துக் கட்டிய இரண்டு வரிசைச் செங்கல், பழைய வீடுகளைவிட மூன்று அடி உயர்த்திக் கட்டிய புது வீடுகள் எல்லாம் அந்தத் தெருவின் வெள்ளக் கணக்குதான். சாலையை மேலே மேலே போட்டதால் வீடு பள்ளத்துக்குப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். வாசலில் நின்றால் சாலை உங்கள் முழங்கால் மட்டத்தில் இருக்கிறது என்றால், சாதாரண மழைக்கே தண்ணீர் உள்ளே வரும்.

அடுத்து, உங்கள் பகுதி எந்த நீர்வழியைச் சேர்ந்தது என்று பாருங்கள். முடிச்சூர், வரதராஜபுரம், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் அடையாற்றின் பாதையில் இருப்பவை. முடிச்சூரும் வரதராஜபுரமும் ஆற்றின் மேல்பகுதி. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறக்காமலேயே அங்கே வெள்ளம் வந்துவிடும். மணப்பாக்கத்திலிருந்து கடல்வரை இருப்பவர்கள் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் அறிவிப்பைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஏரியின் முழுக்கொள்ளளவு உயரம் 24 அடி. 21, 22 அடியை நெருங்கினாலே திறப்பு அறிவிப்பு வருவது வழக்கம். வினாடிக்குச் சில நூறு கன அடி என்றால் பதற வேண்டாம், ஆயிரக்கணக்கில் ஏறினால் அன்றே நகர்ந்துவிடுங்கள். 2015இல் அது 29,000 கன அடி வரை போனது.

வேளச்சேரியும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளும் வேறு கதை. அந்தத் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலைத் தொட வேண்டும். நீண்ட, குறுகலான வழி. புயல் நாளில் கடல் கொந்தளித்து உயர்ந்திருந்தால் முகத்துவாரத்தில் தண்ணீரை வாங்காது. மிக்ஜாமின்போது மழை ஓய்ந்த பிறகும் இந்தப் பகுதிகளில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. வடக்கே மணலி புதுநகர்ப் பக்கம் இருப்பவர்கள் பூண்டி நீர்த்தேக்கத்தையும் கொசஸ்தலை ஆற்றையும் கவனிக்க வேண்டும். புளியந்தோப்பு, பட்டாளம் பகுதியினர் கவனிக்க வேண்டியது ‘ஓட்டேரி நல்லா’ என்னும் கால்வாயை.

அறிவிப்பைப் படிக்கும் விதம்

வானிலை ஆய்வு மையம் மாவட்டத்துக்கு ஒரு நிறம் கொடுக்கும். மஞ்சள் என்றால் 24 மணி நேரத்தில் 6 முதல் 11 செ.மீ. வரை, ஆரஞ்சு என்றால் 12 முதல் 20 வரை, சிவப்பு என்றால் 20 செ.மீ.க்கு மேல் மழை எதிர்பார்க்கப்படுகிறது. இந்த 24 மணி நேரம் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. சிவப்பு நிறம் கொடுத்து மழை ஏமாற்றிய நாட்களும் உண்டு, மஞ்சளில் தெரு மூழ்கிய நாட்களும் உண்டு. 10 செ.மீ. நாள் முழுக்கப் பரவிப் பெய்தால் வடிகால் தாங்கும். இரண்டு மணி நேரத்தில் பெய்தால் தாங்காது. ஆகவே ஆரஞ்சு வந்தவுடனேயே எல்லா வேலையையும் செய்துவிடுங்கள். சிவப்புக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவுகளைப் பொருட்படுத்தாதீர்கள். தமிழக அரசின் டிஎன் அலர்ட் செயலி, வானிலை மையத்தின் அறிக்கை, மாநகராட்சியின் அறிவிப்பு ஆகிய மூன்றும் போதும். தாளில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டிய எண்கள்: மாநகராட்சி 1913, மாநிலப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, மின்சாரப் புகார்களுக்கு மின்னகம் 94987 94987. போன் சார்ஜ் தீர்ந்துபோய் பக்கத்து வீட்டுப் போனை வாங்கிப் பேசும்போது எந்த எண்ணும் நினைவுக்கு வராது. உறவினர் இருவரின் எண்களையும் அதே தாளில் எழுதிவையுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

மொட்டை மாடியிலிருந்து தொடங்குங்கள். 1,000 சதுர அடி மாடியில் 20 செ.மீ. மழை பெய்தால் சுமார் 18,500 லிட்டர் தண்ணீர் சேரும். 12,000 லிட்டர் பிடிக்கும் லாரியில் ஒன்றரை லாரித் தண்ணீர். அது முழுவதும் இரண்டு மூன்று குழாய்த் துளைகள் வழியாக இறங்க வேண்டும். காய்ந்த இலையும் பிளாஸ்டிக் உறையும் அடைத்துக்கொண்டால் மேல்மாடி வீட்டுக் கூரை ஒழுகும். மாதம் ஒருமுறை கையாலேயே துளைகளைச் சுத்தம் செய்யுங்கள். காற்றில் பறக்கக்கூடிய தகரம், பூந்தொட்டி, தளர்ந்த டிஷ் ஆன்டெனா ஆகியவற்றை அப்புறப்படுத்துங்கள். வீட்டையொட்டித் தென்னை இருந்தால் ஆளைக் கூப்பிட்டுக் காய்ந்த மட்டையையும் தேங்காயையும் இறக்கிவிடுங்கள்.

தரைத்தளத்தில் இருப்பவர்கள் வாசலை மட்டுமே பார்க்கிறார்கள். தண்ணீர் முதலில் வருவது பெரும்பாலும் கழிப்பறை வழியாகத்தான். தெருவில் பாதாளச் சாக்கடை நிரம்பினால் குளியலறைத் துளையிலும் கழிப்பறைக் கோப்பையிலும் கறுப்புத் தண்ணீர் கொப்பளித்து மேலே வரும். கெட்டியான பாலித்தீன் பையில் மணலைப் பாதி நிரப்பி இறுகக் கட்டி நாலைந்து தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கனமழை இரவில் துளைகளைப் பழந்துணியால் அடைத்து, அதன்மேல் இந்தப் பையை அழுத்தி வையுங்கள். கோப்பைக்கும் அப்படியே. பை பாதி நிரம்பியிருந்தால்தான் வளைந்து கொடுத்து இடைவெளியை மூடும். முழுக்க நிரப்பினால் கல் போல நிற்கும், பக்கவாட்டில் தண்ணீர் வந்துவிடும். சொந்த வீடு என்றால் கழிவுநீர்க் குழாயில் ஒருவழி வால்வு போட்டுவிடுங்கள்.

நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப் அடுத்தது. அதன் மூடி தரை மட்டத்தில் இருந்தால் தெருத் தண்ணீர் சாக்கடையோடு கலந்து உள்ளே இறங்கும். மூடியைச் சுற்றி ஓரடி உயரத்துக்குச் செங்கல் கட்டுவது ஒருநாள் வேலை. ஆரஞ்சு எச்சரிக்கை வந்தவுடன் மேல்நிலைத் தொட்டியை முழுக்க நிரப்பிவிடுங்கள், ஏனென்றால் மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது. மூன்றாம் மாடியில் இருக்கிறோம், நமக்கென்ன என்று நினைப்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். 2015இலும் 2023இலும் மேல்மாடிக் குடும்பங்கள் பல, சுற்றிலும் தண்ணீர் நிற்க, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் திண்டாடின. நாலு பேர் குடும்பத்துக்கு மூன்று நாள் குடிக்கவும் சமைக்கவும் குறைந்தது இரண்டு 20 லிட்டர் கேன் தனியாக இருக்க வேண்டும்.

இன்வெர்ட்டர் பேட்டரி தரையில் இருந்தால் மேடை போட்டு உயர்த்துங்கள். ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுத் தடுப்புக் கருவி பொருத்தப்பட்டிருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் துண்டிக்கப்படுகிறதா என்று பாருங்கள். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும், பத்து வயதுப் பிள்ளை உட்பட. தண்ணீர் வாசற்படியைத் தொட்டவுடன், கால் உலர்ந்திருக்கும்போதே அதை அணைத்துவிட வேண்டும். தண்ணீரில் நின்றுகொண்டு தொடக் கூடாது. கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரையும் மூடிவிடுங்கள். காலிச் சிலிண்டர் வெள்ளத்தில் மிதக்கும், கட்டிவையுங்கள்.

அடுக்குமாடியில் லிஃப்டைப் பற்றிச் சங்கத்தார் முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும். கீழே லிஃப்ட் குழியில் தண்ணீர் இறங்கத் தொடங்கினால், லிஃப்டை மேல்தளத்துக்கு ஏற்றி நிறுத்தி மின்சாரத்தைத் துண்டித்துவிட வேண்டும். தண்ணீர் நிற்கும் குழியை நோக்கி ஆள் ஏறிய லிஃப்ட் இறங்குவது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

பால், ரொட்டி, காய்கறி பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மூன்று நாளுக்கு அரிசி, பருப்பு, அவல், பால் பவுடர் போதும். எச்சரிக்கை வந்த மாலையில் பத்துப் பாக்கெட் பாலை அள்ளிக்கொண்டு போகாதீர்கள். உங்களுக்குப் பின்னால் கைக்குழந்தைக்காக ஒருவர் நிற்கிறார். கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள். செல்போன் கோபுரத்தில் மின்சாரம் நின்றுவிட்டால் போனில் பணம் அனுப்ப முடியாது. ஆதார், பத்திரம், சான்றிதழ்களை இறுக மூடும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் வையுங்கள்.

வீட்டில் வயதானவர்களும் நோயாளிகளும் இருந்தால் கணக்கே வேறு. பத்து நாள் மாத்திரை கையிருப்பில் இருக்க வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், ஆக்சிஜன் கருவியை நம்பியிருப்பவர்கள், பிரசவ நாள் நெருங்கியவர்கள் தாழ்வான பகுதியில் இருந்தால், ஆரஞ்சு எச்சரிக்கையன்றே மருத்துவமனைக்குப் பக்கத்தில் மேடான இடத்துக்குப் போய்விடுங்கள். இதை நான் மன்றாடியே கேட்டுக்கொள்கிறேன். நடுராத்திரியில் இடுப்பளவுத் தண்ணீரில் கட்டிலோடு ஒருவரைத் தூக்கிப் போவதைவிட, பகலில் ஆட்டோவில் போய் உறவினர் வீட்டில் இரண்டு நாள் இருப்பதில் எந்தச் சங்கடமும் இல்லை.

வண்டி ஓட்டுபவர்களுக்கு

மழைக்கு முன் பார்க்க வேண்டியவை மூன்று. டயரின் பள்ளம் தேய்ந்திருக்கிறதா (காருக்கு 1.6 மி.மீ. என்பது சட்டம் சொல்லும் குறைந்த அளவு, அதற்கு முன்பே மாற்றுவது நல்லது), வைப்பர் ரப்பர் துடைக்கிறதா அல்லது கோடு போடுகிறதா, பிரேக் பிடிக்கிறதா. நான்காவதாகக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாயும் வராது. முழுக் காப்பீடு இருந்தாலும், தண்ணீர் புகுந்த எஞ்சினுக்குத் தனியாக எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் சேர்க்கை வேண்டும். சென்னையில் கார் வைத்திருப்பவர்கள் அதை எடுத்துவிடுவதே மேல்.

ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் தரையடி வாகன நிறுத்தத்திலிருந்து வண்டியை வெளியே எடுத்துவிடுங்கள். 2024 அக்டோபரில் வேளச்சேரி மக்கள் மேம்பாலத்தின் ஓரமாகக் கார்களை வரிசையாக நிறுத்தியதை நாடே பார்த்தது. மிக்ஜாமில் பட்ட பாடு அப்படி. மேம்பாலம் தவிர வேறு வழியே இல்லை என்றால், வளைவில் நிறுத்தாமல், ஆம்புலன்ஸ் போக வழிவிட்டு, ஒரே ஓரமாக நிறுத்துங்கள். மேடான பகுதியில் இருக்கும் நண்பர் வீட்டுத் தெரு அதைவிட நல்லது. அந்த நண்பர் யார் என்பதை இப்போதே பேசி முடிவுசெய்யுங்கள்.

மழையில் ஓட்டும்போது தாழ் முகவிளக்கைப் போடுங்கள். நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது. சுரங்கப்பாதைகளை மறந்துவிடுங்கள். தி.நகர் துரைசாமி, சைதாப்பேட்டை அரங்கநாதன், வியாசர்பாடி கணேசபுரம் ஆகியவை மழைச் செய்திகளில் தவறாமல் வரும் பெயர்கள். கீழே இறங்கும் இடத்தில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் தெரியும், நடுவில் அது ஆள் உயரம் இருக்கலாம். தடுப்பு வைத்திருந்தால் சந்துவழியாகச் சுற்றி உள்ளே புகாதீர்கள்.

எவ்வளவு தண்ணீரில் போகலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தரை தெரியாத தண்ணீரில் போக வேண்டாம். ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே கார் பிடிமானம் இழக்கத் தொடங்கும். 30 செ.மீ.இல் சிறிய கார்கள் மிதக்கும். 60 செ.மீ. ஓட்டம் பெரிய வண்டியையும் இழுத்துவிடும். இதைத் தவிர, மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளமும் மூடி திறந்த மேன்ஹோலும் தண்ணீருக்கு அடியில் இருக்கும். நடந்து போவதாக இருந்தாலும் கையில் ஒரு கோல் வேண்டும். வேறு வழியின்றி ஆழமில்லாத தண்ணீரைக் கடக்க நேர்ந்தால், சாலையின் நடுப்பகுதிதான் மேடு. முன்னால் போகும் வண்டி கரையேறும்வரை காத்திருந்து, முதல் கியரில், ஆக்சிலேட்டரை விடாமல், நிறுத்தாமல், மெதுவாகப் போங்கள். எதிரே பஸ் வந்தால் அது எழுப்பும் அலை கடந்துபோகட்டும். கடந்தபின் பிரேக்கை நாலைந்து முறை மெல்ல அழுத்தி உலர்த்துங்கள்.

தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பீர்கள் என்றால் வண்டிக்காரர்கள் இதை வையுங்கள். எஞ்சினுக்குள் புகுந்த தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது. மறுபடி ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும், எஞ்சினையே மாற்ற வேண்டி வரும். தள்ளி ஓரமாக நிறுத்தி, முடிந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றி, மீட்பு வண்டியை வரவழையுங்கள். ஸ்கூட்டரும் அப்படியே. மின்சார ஸ்கூட்டரோ காரோ மூழ்கியிருந்தால், நிறுவனத்தின் ஆள் சோதித்துச் சொல்லும்வரை சார்ஜரில் போடாதீர்கள், வீட்டை ஒட்டியும் நிறுத்தாதீர்கள்.

வண்டியோடு சுரங்கப்பாதையில் மாட்டிக்கொண்டால் போன் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். சீட் பெல்ட்டைக் கழற்றி, மின்சாரம் வேலை செய்யும்போதே பக்கவாட்டுக் கண்ணாடியை இறக்கி, அதன் வழியாக வெளியேறிக் கூரைமேல் ஏறுங்கள். பிள்ளைகளை முதலில் வெளியே தள்ளுங்கள். கண்ணாடி இறங்காவிட்டால் பக்கக் கண்ணாடியின் ஓரத்தில்தான் உடைக்க வேண்டும். முன் கண்ணாடி உடைந்தாலும் சிதறி வழிவிடாது. கண்ணாடி உடைக்கும் சிறு சுத்தியல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், டிக்கியில் வேண்டாம்.

தண்ணீர் வடிந்தபின்

வீட்டுக்குள் நுழைந்தவுடன் விளக்கைப் போட்டுப் பார்க்கத்தான் கை போகும். வேண்டாம். சுவருக்குள் ஈரம் இருக்கிறது. மெயினை எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகே போடுங்கள். நனைந்த ஃபிரிட்ஜ், வாஷிங்மெஷின், மோட்டார் எதையும் ஆள் பார்க்காமல் இயக்கக் கூடாது. தெருவில் மின்பெட்டி, விளக்குக் கம்பம், அறுந்த கம்பி பக்கம் போகாதீர்கள். உடனே மின்னகத்துக்குச் சொல்லுங்கள்.

துடைக்கத் தொடங்குவதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு, காரின் உள்ளே எதுவரை ஏறியது, வண்டி எண் தெரியும்படி ஒன்று எல்லாம் காப்பீட்டுக்கு வேண்டும்.

அலமாரிக்கு அடியிலும் செருப்புக்குள்ளும் கையை விடுவதற்கு முன் கோலால் தட்டுங்கள். வெள்ளத்தில் பாம்பும் தேளும் உலர்ந்த இடம் தேடி வரும். பாம்பு கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும்.

சம்ப்பில் வெள்ளம் கலந்திருந்தால் மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு முழுவதும் இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். மூடியிருந்த சம்ப்புக்குள் யாரையும் உடனே இறக்காதீர்கள். காற்றில்லாமலும் நச்சுவாயுவாலும் நொடியில் மயங்கி விழுவார்கள். காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் விழுவார். மேலிருந்தே எவ்வளவு முடியுமோ அவ்வளவு செய்யுங்கள். அதுவரை குடிப்பதற்குக் கேன் தண்ணீரோ நன்றாகக் கொதிக்க வைத்த தண்ணீரோதான்.

கொசு அடுத்த வாரம் வரும். டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது, தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு ஆகியவற்றை வாரத்துக்கு ஒருமுறை கவிழ்த்துவிட்டால் முட்டை கொசுவாக முடியாது. காய்ச்சல் வந்தால் ஐபுரூஃபன், ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள். டெங்குவாக இருந்தால் அவை ரத்தக்கசிவை அதிகமாக்கும். பக்கத்து மாநகராட்சி நகர்ப்புற சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெள்ளத்தில் நடந்து ஓரிரு வாரங்களில் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எந்தத் தேதியில் எவ்வளவு நேரம் வெள்ளத்தில் நடந்தீர்கள், காலில் புண் இருந்ததா என்பதை மருத்துவர் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.